நெல்லில் புதைத்த பேஸ் கிட்டார்

அந்தக் கிட்டாரை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. எடுக்க வேறு ஆள் இல்லாததால் என் கைக்கு வந்தது.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். ஊர் மிராசுதாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் நிலத்தைப் பார்த்தார். இளையவர் மெல்லிசைக் குழு வைத்திருந்தார். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதற்குக் கூப்பிட்டாலும் போய் சினிமாப் பாட்டு வாசிக்கிற குழு. அவர் நின்றுகொண்டு கிட்டார் வாசிப்பார். குழுவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். நாங்கள் அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். எங்கள் வீட்டில் அவருக்குச் சின்னய்யா என்றுதான் பேர்.

நான் குழுவில் பெட்டி தூக்கினேன். ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், டிரம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றுவேன், இறக்குவேன். பேஸ் கிட்டார், அதாவது அடித்தள சுருதிக்கான தடித்த கம்பிக் கிட்டார், வாசித்தவன் சிங்கப்பூர் போய்விட்டான். அவன் போன மறுவாரம் திருப்பனந்தாளில் ஒரு கல்யாணக் கச்சேரி. மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். பாட்டு ஓடும்போது தாளம் தப்பாமல் கால் ஆட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். கூப்பிட்டு உட்கார வைத்து, தடித்த கம்பிகளில் விரல் வைக்கிற இடங்களைக் காட்டினார். "இங்க, இங்க, இங்க. இதுக்கு மேல உனக்கு வேணாம்" என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த பாடம்.

நான்காவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சங்கீத ஆசை இருந்தது என்று எழுதினால் பொய். அந்தக் கிட்டாரைத் தோளில் மாட்டுகிற வார் அறுந்துபோயிருந்தது. மாஸ்டர் புதுசு வாங்கவில்லை. அதனால் பேஸ் வாசிக்கிறவன் மேடையில் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். ஒரு இரும்பு மடக்கு நாற்காலி போடுவார்கள். மிராசுதார் வீட்டு முற்றத்தில் என் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். நானும் நிற்பேன். மேடையில் நான் உட்கார்ந்திருப்பேன், அவர்கள் வீட்டுப் பிள்ளை நிற்பார். அதற்காகத்தான் கற்றுக்கொண்டேன். விரல் நுனி தோல் உரிந்து, காய்ப்புக் கட்டி, மறுபடி உரிந்தது. நாற்று நட்ட கைதான். தாங்கியது.

அந்த ஐப்பசியில் விடாமல் மழை. கிட்டாரை வீட்டில் வைத்துப் பழகச் சொல்லியிருந்தார் மாஸ்டர். எங்கள் கூரை ஒழுகும். சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தும் மரத்தில் பூஞ்சை பிடித்தது. கம்பிகள் ஓடுகிற நீளமான கழுத்தைத் தொட்டால் கையில் பிசுபிசுத்தது. எங்கள் ஊரில் எது நமத்தாலும் நெல்லில்தான் போடுவோம். தீப்பெட்டியை நெல்லில் போடுவோம். வாய்க்காலில் விழுந்த டிரான்சிஸ்டரை நெல்லில் போட்டுப் பேச வைத்திருக்கிறார்கள். தை அறுப்பு முடிந்து, காய வைத்த சம்பா நெல் வீட்டில் குவிந்திருந்தது. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கிட்டாரைத் துணியில் சுற்றி நெல்லுக்குள் புதைத்தேன். ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தது. எடுத்தபோது மரம் காய்ந்து கலகலவென்று இருந்தது. எனக்குத் திருப்தி.

கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்து அடித்தேன். ஜிர் என்றது. தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டால் வருகிற சத்தம்.

அந்த மாசியில் இன்னொன்றும் நடந்தது. குத்தகைக்கு உழுகிறவன் தன் பேரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் இருந்தது. அதைக் கட்சி மேடையில் சொல்லிக் கேட்டிருந்தோம். கேட்டவர்களில் பாதிப்பேர் பயந்துகொண்டு போகவில்லை. அப்பா போனார். மனு கொடுத்துவிட்டு வந்து சாப்பிட்டுத் தூங்கினார். தாசில்தாரிடமிருந்து மிராசுதாருக்கு நோட்டீஸ் போனது. மிராசுதாரும் அதே கட்சிதான். அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதன் கரை வேட்டிக்கு மாறிவிட்டார். சட்டம் போட்ட கட்சியின் வேட்டியைக் கட்டிக்கொண்டே எங்களை நிலத்தைவிட்டு இறங்கச் சொன்னார்.

நோட்டீஸ் போன மறுநாள் ஒத்திகை. ஊருக்கு வெளியே இருந்த அவர்கள் நெல் கொட்டகையில் நடக்கும். நான் போனேன். கிட்டாரை ஆம்ப்ளிபயரில் சொருகி முதல் பாட்டு அடித்தேன். ஜிர். மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

டிரம் வாசித்தவர் நாகூர்க்காரர். படகுக் குடும்பம். கடலுக்குப் போக மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். வாய் சும்மா இருக்காது.

"கட்டுமரத்துல பழைய இஞ்சின வச்சமாதிரி கத்துது தம்பி. மீனெல்லாம் ஓடிப் போயிரும்" என்றார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆம்ப்ளிபயரைப் பார்க்கிறேன் மாஸ்டர் என்று நான் எழுந்தேன்.

"என்னடா மாஸ்டர்? வீட்டுல சின்னய்யா, இங்க வந்தா மாஸ்டரா?"

நான் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"உங்கப்பன் எங்கப்பாவைத் தாசில்தார் முன்னாடி நிக்க வைக்கிறான். நீ என் கிட்டாரை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்க. நல்லாருக்குடா உங்க குடும்பம்."

டிரம்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே பீடி குடிக்கப் போனார்.

மாஸ்டர் மெதுவாகத்தான் பேசினார். பங்குனியில் மாரியம்மன் திருவிழா. எங்கள் ஊரிலேயே கச்சேரி. அதற்குள் வேறு ஆள் பிடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருவிழா மேடையில் கிட்டார் கத்தினால் அங்கேயே இறங்கிவிட வேண்டும், அதற்குப் பிறகு பெட்டி தூக்கவும் வரக்கூடாது என்றார். பிறகு இன்னொன்று சொன்னார்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டா, கத்தினாலும் பரவாயில்ல. உன் எடம் உனக்கு."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். திரிப்பதை நிறுத்தவில்லை. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். மனுவைத் திரும்ப வாங்க வேண்டாம் என்றேன்.

"அப்புறம் அதை எதுக்குப் போட்டு நோண்டிக்கிட்டுக் கெடக்க? எப்படியும் எறக்கிவிடத்தான போறான்."

"எறக்கட்டும். வாசிக்கத் தெரியலன்னு எறக்கினான்னு பேர் வரக்கூடாது. மனு போட்டதுக்காக எறக்கினான்னு ஊருக்குத் தெரியணும்."

அப்பா கயிற்றைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

கத்துகிற கிட்டாரைச் சரி பண்ணுவது எப்படி என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. மாஸ்டருக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் கேட்கிற நிலைமை இல்லை. டிரம்காரரிடம் கேட்டேன். கம்பியில் உப்பேறியிருக்கும், கொதிக்கிற தண்ணீரில் போடு என்றார். அவருக்கு எல்லாமே உப்புதான். கம்பிகளைக் கழற்றி, நெல் அவிக்கிற அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, இதில் உப்பு புளி போடவில்லையா என்று கேட்டாள். கம்பி பளபளவென்று வந்தது. மாட்டி அடித்தேன். கிட்டார் முன்னைவிடத் தெளிவாகக் கத்தியது.

கரண்டுக் கோளாறோ என்று நினைத்தேன். ஆம்ப்ளிபயரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, கிட்டாரின் மரத்தில் காதை வைத்து அடித்துப் பார்த்தேன். அப்போதும் ஜிர். அப்படியானால் கரண்டு இல்லை. கம்பி எதன்மேலோ உரசுகிறது.

கழுத்தில் குறுக்கே சின்னச் சின்ன உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். பிரெட் என்பார்கள். எந்தப் பிரெட்டுக்குப் பக்கத்தில் விரல் வைத்தால் கத்துகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விரல் வைக்காமல் அடித்தாலும் கத்தியது. தலைப்பக்கத்துப் பிரெட்டுகளில் வைத்தாலும் கத்தியது. கிட்டாரின் உடம்புப் பக்கம் வர வர அந்த ஜிர் இல்லை. மாஸ்டர் எனக்குக் காட்டிய இடங்கள் எல்லாம் தலைப்பக்கம்தான்.

உடம்புப் பக்கத்தில் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜில் ஸ்குரூ இருந்தது. அதைத் திருகிக் கம்பிகளை உயர்த்தினேன். அழுத்தவே முடியாத அளவு உயர்ந்தது. தலைப்பக்கம் கத்தினது கத்தினதுதான். தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காருகிற எலும்புத் துண்டுக்கு அடியில் தீப்பெட்டி அட்டையை வெட்டி வைத்தேன். விரல் வைக்காமல் அடித்தால் ஜிர் போனது. முதல் பிரெட்டில் விரல் வைத்தால் திரும்ப வந்தது. அட்டையை எடுத்து எறிந்தேன்.

கம்பிகளைக் கழற்றி வைத்திருந்த ஒரு நாள், தலைப்பக்கத்தில் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருப்பது கண்ணில் பட்டது. அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன். ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே ஒரு நட்டு. கழுத்து மரத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி நீளத்துக்கு ஓடுகிறது, அதன் நுனியில் அந்த நட்டு. நான் கொஞ்ச காலம் ஆயில் இஞ்சின் ஓட்டுகிறவரிடம் வேலை பார்த்திருக்கிறேன். இஞ்சினில் எது சத்தம் போட்டாலும் ஒரே வைத்தியம்தான். லூசாக இருக்கிறது என்று அர்த்தம், முடுக்கு. அவரிடம் பாக்ஸ் ஸ்பானர் வாங்கி வந்து முடுக்கினேன். மரம் கிரீச்சென்றது. இன்னும் கொஞ்சம் முடுக்கினேன்.

கம்பியை மாட்டி அடித்தால், முன்பு சும்மா இருந்த பிரெட்டுகளும் சேர்ந்து கத்தின.

அடுத்த ஒத்திகைக்கு அப்படியே கொண்டுபோனேன். போகாவிட்டால் ஓடிவிட்டேன் என்பார்கள். மாஸ்டர் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். அவருக்கு முகத்தில் சந்தோஷம். இதையும் சொல்லிவிட வேண்டும், எனக்கு அந்த மனிதர்மேல் இருந்தது வெறுப்புதான். அவருக்கும் அப்படித்தான். ஒரே கொட்டகையில் ஒரே பாட்டுக்குத் தாளம் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

"சாவுக்கு வாசிக்கலாம் இதை. பொணமே எந்திரிச்சி ஓடிரும்" என்றார் டிரம்காரர்.

"திருவிழா வரைக்கும் இருக்கட்டும்ணே. ஊர் கேக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

வீட்டுக்கு வந்து கிட்டாரைத் தோளில் துப்பாக்கிபோல் வைத்து, கழுத்து நீளத்துக்கு ஒரு கண்ணால் பார்த்தேன். ஏதோ கோணல் தெரிந்தது. எப்படிக் கோணல் என்று பிடிபடவில்லை. வயலை மட்டமாக்கப் பரம்பு அடிக்கும்போது கண்ணை நம்ப மாட்டோம். தண்ணீர் கட்டினால் மேடு தலை நீட்டும். தண்ணீர்தான் மட்டம். இங்கே தண்ணீர் இல்லை. கம்பி இருக்கிறது. ஒரு கம்பியின் தலைப்பக்கத்தை முதல் பிரெட்டில் நான் அழுத்தினேன், மறு கோடியைக் கடைசிப் பிரெட்டில் அம்மாவை அழுத்தச் சொன்னேன். இழுத்துப் பிடித்த கம்பி நேராகத்தான் நிற்கும். நடுவில் பார்த்தேன். கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடம்கூட இல்லை. கம்பி பிரெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

நடுவில் மேடு. கழுத்து பின்பக்கமாக வளைந்து, நடுவில் முதுகு தூக்கியிருந்தது. தடித்த கம்பியை அடித்தால் அகலமாக ஆடும். ஆடுவதற்குக் கழுத்தின் நடுவில் கொஞ்சம் பள்ளம் வேண்டும். பள்ளம் வேண்டிய இடத்தில் மேடு இருந்தால் உரசத்தான் செய்யும்.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கம்பிகள் கழுத்தை முன்னால் இழுக்கின்றன. உள்ளே இருக்கிற இரும்பு பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் கழுத்து நிற்கும். நான் கம்பிகளைத் தளர்த்திவிட்டு நெல்லில் புதைத்தேன். முன்னால் இழுக்க ஆள் இல்லை, இரும்பு மட்டும் இழுத்தது. நெல் ஈரத்தை உறிஞ்சியது. மரம் வளைந்தபடியே காய்ந்தது. அதற்குமேல் நட்டை வேறு முடுக்கியிருந்தேன்.

அம்மா விரலை எடுக்கலாமா என்று கேட்டாள்.

நட்டைத் தளர்த்தப் பார்த்தேன், நகரவில்லை. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விடியும்வரை விட்டேன். காலையில் இளகியது. மணிக்கூண்டு முள் கால் மணி நகர்கிற அளவுதான் திருப்பினேன். கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்து வைத்துவிட்டு உளுந்து வயலுக்குப் போனேன். நெல் அறுத்த தாளடியில் தெளித்த உளுந்து அந்த வருஷம் நன்றாக வந்திருந்தது. மரம் உடனே திரும்பாது என்பது ஏர்க்கால் செய்கிறவர்களைப் பார்த்துத் தெரியும். சாயங்காலம் வந்து அடித்துப் பார்த்தேன். குறைந்திருந்தது. மறுபடி கொஞ்சம். மறுபடி ஒரு நாள். இப்படியே திருவிழாக் கொடி ஏறுகிற வரைக்கும் போனது. கம்பிக்கும் நடுப் பிரெட்டுக்கும் இடையில் ஒரு போஸ்ட் கார்டு நுழைகிற அளவு இடம் வந்தது. அத்தோடு நிறுத்தினேன். பிரிட்ஜையும் பழையபடி இறக்கினேன். தடித்த கம்பியில் மூன்றாவது பிரெட் மட்டும் லேசாக முனகியது. அந்தப் பிரெட் ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. துணியை மடித்து வைத்து, மரத்துண்டால் தட்டினேன். உட்கார்ந்தது.

எல்லாக் கம்பியும் எல்லா இடத்திலும் அடித்தேன். சத்தம் சுத்தமாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒத்திகையும் அதற்குப்பின் வைக்கவில்லை.

திருவிழா அன்று கோயில் திடலில் மேடை. முன் வரிசையில் மிராசுதார், பக்கத்தில் மூத்த பிள்ளை, கட்சிக்காரர்கள். எங்கள் தெரு ஆட்கள் வழக்கம்போல் ஓரத்தில் நின்றார்கள். அப்பா புளியமரத்தடியில் நின்றார். நான் நாற்காலியை விரித்து உட்கார்ந்து, கிட்டாரைச் சொருகி, ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தேன். மாஸ்டர் திரும்பினார். இன்னொரு முறை அடி என்றார். அடித்தேன். தலைப்பக்கம் அடி என்றார். அடித்தேன். டிரம்காரர் புருவத்தைத் தூக்கினார்.

மாஸ்டர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எந்திரிச்சி வாசி."

"வார் இல்லைங்க மாஸ்டர்."

"கயித்தப் போட்டுக் கட்டு. எங்கப்பா முன்னாடி உக்காந்திருக்காங்க."

"நான் பின்னாடிதான உக்காந்திருக்கேன்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். இழுத்தால் விழுவேன். கிட்டார் உடையும். இரண்டும் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் டிரம்காரர் குச்சிகளை மோதி நாலு தட்டுத் தட்டினார். பாட்டு ஆரம்பிக்கிற கணக்கு அது. ஆர்மோனியக்காரர் தொடங்கிவிட்டார், பாட்டுக்காரர் மைக் முன்னால் போய்விட்டார். மாஸ்டர் கையை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் கிட்டாரை எடுத்தார். டிரம்காரர் தெரிந்து தட்டினாரா, தெரியாமல் தட்டினாரா என்று நான் பின்னால் எப்போதும் கேட்கவில்லை.

கச்சேரி முழுக்க உட்கார்ந்து வாசித்தேன். ஒரு இடத்திலும் கத்தவில்லை. மேடைக்குக் கீழே இரண்டு இளவட்டங்கள் என்னைக் காட்டிப் பேசியது கேட்டது. அவன் என்னடா பண்றான் என்றான் ஒருவன். சும்மா உக்காந்திருக்காண்டா என்றான் இன்னொருவன். நடுவில் மாஸ்டர் மைக்கைப் பிடித்து வாசிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அறிமுகம் செய்தார். என் பேரைச் சொல்லவில்லை. மிராசுதார் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனார். கட்சிக்காரர்களும் பின்னால் போனார்கள்.

முடிந்ததும் மாஸ்டர் வந்து கிட்டாரை என் மடியிலிருந்து எடுத்தார்.

"நாளையிலேருந்து வராத."

"கத்துச்சிங்களா?"

"கத்தல."

"அப்ப எதுக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

பாட்டுக்காரர், ஆர்மோனியக்காரர், திருவிழாக் கமிட்டி ஆட்கள், எல்லோரும் மேடையில்தான் இருந்தார்கள். ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவனும் நிமிர்ந்து பார்த்தான்.

"உங்கப்பன் மனு போட்டான்ல. அதுக்குத்தான். போ."

எனக்கு வேண்டியது அதுதான். இறங்கி வந்தேன். அன்றைக்குப் பெட்டி தூக்க எங்கள் தெருவிலிருந்து யாரும் போகவில்லை. நான் யாரையும் தடுக்கவில்லை. அவர்களாகவே போகவில்லை.

விடிந்து அப்பாவும் நானும் வயலுக்குப் போனால், உளுந்தில் மிராசுதார் வீட்டு மாடுகள் நின்றன. காய் முற்றி அறுக்கிற பருவம். கொத்துக் கொத்தாக மேய்ந்திருந்தன. மாட்டுக்காரன் தூரத்தில் வரப்பில் குந்தி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்ட வரவில்லை. ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

எங்கள் ஊரில் யாரும் அவர்கள் மாட்டைத் தொட்டதில்லை. மேய்ந்தால் மேய்ந்ததுதான். கைதட்டி விரட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டினார். முன் மாட்டின் கயிற்றைப் பிடித்தார். நான் பின்னால் நின்று ஓட்டினேன். பயிர் மேய்ந்த மாட்டை அடைக்கிற சர்க்கார் பட்டி குடவாசல் ரோட்டில் இருந்தது. ஊர் நடுவாகத்தான் போக வேண்டும். போனோம். கடைவாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாட்டுக்காரன் எங்களைத் தாண்டி மிராசுதார் வீட்டுப் பக்கம் ஓடினான்.

பட்டிக்காரர் மாடுகளை உள்ளே விட்டு, படலைச் சாத்தினார். யார் மாடு என்று கேட்டார்.

ஐயா என்றும் பெரியவங்க என்றும்தான் அதுவரை அப்பா மிராசுதாரைச் சொல்லுவார். எங்களிடம் தனியாகப் பேசும்போதும் அப்படித்தான்.

அப்பா மிராசுதாரின் பேரைச் சொன்னார். வெறும் பேரை. பட்டிக்காரருக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்னவோ, திரும்பக் கேட்டார். அப்பா இன்னும் சத்தமாகச் சொன்னார்.